கருஞ்சிறுத்தையும் கறுப்பு ஜாகுவாரும்

இலங்கையில் உகந்தையிலிருந்து கதிர்காமம் செல்லும் மட்டக்களப்பு, அம்பாறை அடியார்கள் கடக்கும் குமண காடு வறண்டது. 2020 இல் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையோ ஈரமான மலைநாட்டுக்குரியது.

சிறுத்தையில் அகூட்டி என்னும் நிறப் பரம்பரையலகின் பின்னிடைவான மாற்றமே கருமைக்குக் காரணமாதலால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது கிடைத்தாலன்றிக் குட்டி கறுப்பதில்லை. மஞ்சள் சோடிக்கும் கறுப்புக் குட்டி பிறப்பது இதனால்தான். அமெரிக்கக் கண்டத்துப் பெரும்பூனையான ஜாகுவாரில் எம்சி1ஆர் என்னும் வேறொரு நிறப் பரம்பரையலகின் மாற்றம் ஆட்சியானது என்பதால், ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும்.

தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனினும், சாய்ந்த வெயிலில் கருமைக்கடியில் தெரியும் வளையங்களை உற்றுப் பார்த்தால், ஜாகுவாரின் வளையங்களுக்குள் மட்டும் சிறு புள்ளிகள் இருக்கும். கருமை பதுங்க உதவுகிறது என்ற விளக்கம், குமண போன்ற வெளிச்சமான காட்டைவிட அடர்ந்த ஈரக்காட்டுக்கே பொருந்துமென்பது என் எண்ணம்.