பேரிங் ஹவுசிங்கைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரோபோ செய்கிறவர்கள், முக்கியமாகச் சக்கர அச்சை வெளியில் கொடுத்துச் செய்து வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் நான்கு பேர். 10 கிலோ சுமையோடு ஓடும் நான்கு சக்கர வண்டிதான் எங்கள் புராஜெக்ட். மோட்டார், அதை இயக்கும் டிரைவர் போர்டு எல்லாம் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைத்துவிட்டன. அச்சு வேலையை மட்டும் மாணவர்களுக்குச் செய்து தரும் ஒரு கடையில் கொடுத்தோம். 6 மி.மீ. ஷாஃப்ட் (அச்சுத் தண்டு), சக்கரத்துக்கு ஒரு ஹவுசிங் (பேரிங்கைப் பிடித்து வைக்கும் கூடு), ஒவ்வொன்றிலும் 626 என்ற அளவில் இரண்டு பேரிங் (தண்டு உரசாமல் சுற்ற வைக்கும் வளையம்). ஆக எட்டு பேரிங். 4,600 ரூபாயையும் கடைக்காரர் முன்னாடியே வாங்கிக்கொண்டு, பில்லில் "அச்சு செட் 1" என்று மட்டும் எழுதினார். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சும்மா ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. சுமை ஏற்றியதும் நான்கு சக்கரமும் மேற்பக்கம் உள்ளே சாய்ந்தன, ஒரு கியர்பாக்ஸ் நறநறவென்று கத்தியது. ரிவ்யூவுக்கு இரண்டே நாள். ஹாஸ்டலில் உட்கார்ந்து ஹவுசிங் மூடியைக் கழற்றினோம். வெளிப்பக்கம் ஒரு பேரிங் இருந்தது. உள்பக்கம், இன்னொரு பேரிங் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை பிவிசி பைப் துண்டு. பைப்பில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. நான்கிலும் அப்படித்தான். ஷாஃப்ட்டை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 5.8 மி.மீ.தான். ஆட்டம் தெரியாமல் இருக்க ஃபெவிக்விக் விட்டிருக்கிறார். அது ஒரு பேரிங்கின் உள்ளேயே இறங்கி, சுற்றவே விடாமல் இறுக்கிவிட்டது.

ஒரு பேரிங் எடையைத் தாங்கும், சாய்வைத் தடுக்காது. ஒரே ஆணியில் மாட்டிய படம் மாதிரிதான். இரண்டை இடைவெளி விட்டு வைத்தால்தான் அச்சு நேராக நிற்கும், இல்லையென்றால் அந்தப் பாரம் மோட்டார் கியர்பாக்ஸின் தலையில் விழும்.

கடைக்கே எடுத்துப் போனோம். "ஏம்மா, காலேஜ் புராஜெக்ட்தானே, டெமோவுக்கு இது போதாதா? நீங்க ஓவர்லோடு போட்டுட்டீங்க" என்றார். பணம் தரவில்லை. வீட்டில் கேட்டு வாங்கிய காசு அது. மாணவர்கள்தானே என்று எதையும் தலையில் கட்டலாம் என்கிற அந்த நினைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தார். சில்வர் ஸ்டீல் ராடு, 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு பேரிங், அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்கக் காலர். ரிவ்யூவில் முழு 10 கிலோவோடு ஓடியது.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள். 626 என்றால் உள்விட்டம் 6, வெளிவிட்டம் 19, அகலம் 6 மி.மீ. விரலில் பிடித்துச் சுற்றும்போது கரகரத்தால் அந்த பேரிங் வேண்டாம். "ஃபிட் பண்ணியாச்சு, கழற்ற முடியாது" என்று சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். அப்புறம், பேரிங் நம்பரையும் எண்ணிக்கையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால், எட்டு பேரிங்குக்குக் காசு கொடுத்தோம் என்பதைக் காட்ட எங்கள் கையில் எதுவும் இல்லை.