தக்காளி மணியா, விடியற்கால அமர்வா?

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. காப்புறுதிப் பத்திரங்கள், ஒப்பந்தங்கள், அறிவிப்புகள். கொஞ்சம் அசந்தால் ஒரு 'அல்ல' விடுபட்டு அர்த்தமே தலைகீழாகிவிடும். இதில் மூழ்கி வேலை செய்ய இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எட்டு மாதமாக இரண்டாவதில் இருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியே போய் உட்கார்ந்து வேலை செய்ய மாமாக் கடை (இங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை), நூலகம் என்று இடங்கள் உண்டு; இரண்டையும் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். மாமாக் கடையில் தே தாரேக் என்னும் நுரை பொங்க ஆற்றிய தேநீர் கிடைக்கும், கூடவே தொலைக்காட்சியில் பந்தாட்டமும் கிடைக்கும். துன் ரசாக் சாலையில் தெங்கோலோக் என்னும் மலாய்த் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம் அருமையான இடம்தான். ஆனால் குளித்துக் கிளம்பி அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி உற்சாகம் வழியிலேயே இறங்கிவிடும்.

முதல் வழி, பொமோதோரோ. இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள். 1980களின் கடைசியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு. வேலையைத் தொடங்கவே மனம் வராத நாளில் இதை அடிக்க ஆளில்லை. விலைப்பட்டியல் எழுதுவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது போன்ற துண்டு வேலைகளுக்கு இன்றும் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் என் அக்கா மகனும் சரித்திரப் பாடத்தை இப்படித்தான் படிக்கிறான்.

இரண்டாவது, விடியற்காலை 4.45 முதல் 6.30 வரை ஒரே அமர்வு. இடையில் மணி கிடையாது.

இரண்டுக்கும் நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. ஒரு முறை வேலையிலிருந்து கவனம் வெளியே வந்துவிட்டால், திரும்ப உள்ளே போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான்.

என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு காப்புறுதி விதி ஐந்து வரிக்கு நீளும். மலாயில் ஆள் முதலில் வந்துவிடுவார். அவரைப் பற்றிய விளக்கங்கள் 'யாங்', 'யாங்' (விளக்கத்தை இணைக்கும் மலாய்ச் சொல்) என்று பின்னால் வரிசையாக வரும். தமிழில் அத்தனையையும் அவருக்கு முன்னால் ஏற்ற வேண்டும், வினையைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுவரை முழு வாக்கியத்தையும் தலையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றாவது 'யாங்' வரும்போது மணி அடிக்கும். எழுந்து, தண்ணீர் குடித்து, கை சும்மா இருக்காமல் புலனத்தை (வாட்ஸ்அப்) திறந்து, மாமா அனுப்பிய பிறந்தநாள் படத்துக்கு ஒரு பூங்கொத்து போட்டுவிட்டுத் திரும்பினால், இழப்பீடு வாங்குபவர் யார், கொடுப்பவர் யார் என்பதே மறந்திருக்கும். மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். ஒரு நாள் கணக்குப் பார்த்தேன்: 25 நிமிடத்தில் எட்டு நிமிடம் இப்படி வாக்கியத்துக்குள் மறுபடி நுழையவே போயிருந்தது.

ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கவனத்தின் எச்சம் என்று அதைச் சொல்லலாம். வேலையில் கரைந்துபோகும் நிலையை 1970களிலிருந்தே ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாலி சொன்ன அடையாளங்களில் ஒன்று, நேரம் போவதே தெரியாமல் இருப்பது. நேரத்தை நினைவூட்டுவதற்கென்றே ஒரு மணியை வைத்துக்கொண்டு அதை எப்படி எட்டுவது? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வில் புலனத்தைத் திறந்தது என் குற்றம், தக்காளியின் குற்றம் இல்லை.

விடியற்காலைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. இரவு ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். கல்யாண விருந்துகளில் பாதியில் எழுந்து வருகிறேன் என்று மனைவிக்கு வருத்தம். முதல் நாள் இரவே கோப்பைத் திறந்து, ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவைத்துவிடுவேன். கைப்பேசி அடுப்படியில் அரிசி டின் மேல் கிடக்கும். இணையமும் கிடையாது. சந்தேகமான சொல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு நகர்ந்துவிடுவேன், அகராதியெல்லாம் ஆறரைக்கு மேல்தான்.

இந்த ஊர்க் கடிகாரமும் எனக்குத் தோது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் இங்கே ஏழு மணிவாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். அம்மா சொல்லும் பிரம்ம முகூர்த்தமே ஐந்தரையை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஆறு மணியை ஒட்டி சூராவிலிருந்து (சிறு தொழுகைக்கூடம்) பாங்கு ஒலிக்கும். அது என்னை வெளியே இழுப்பதில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. பள்ளி வேன் ஹாரன் மட்டும் உடனே இழுத்துவிடும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கத் துணிய மாட்டேன். நிரல் எழுதுபவர்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டால், அவர்கள்தான் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்திலும் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் சாஹூருக்கு, அதாவது நோன்புக்கு முந்திய விடியற்காலைச் சாப்பாட்டுக்கு, நாலரைக்கே அடுப்பு பற்றிவிட்டது. சம்பல் வாசனை தாழ்வாரம் வழியாக மேசை வரைக்கும் வந்தது. அந்த மாதம் முழுக்கத் தக்காளிக்கே திரும்பிப் போனேன்.