கைக்குழந்தையோடு ஊருக்கு: கார் சீட்டும் வாடகை வண்டியும்

வெளிநாட்டிலிருந்து பச்சைக்குழந்தையோடு முதல்முறை ஊருக்கு வருகிறவர்கள், எந்த கார் சீட் (குழந்தையைக் காரில் வாரால் கட்டி உட்கார வைக்கும் தனி இருக்கை) நல்லது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் இறங்கி வாடகை வண்டியின் கதவைத் திறந்தால் வேறு ஒரு சிக்கல் காத்திருக்கும். கார் சீட்டைக் கட்டப் பின்சீட்டில் பெல்ட் லாக்கைக் காணோம்.

வண்டியில் லாக் இருக்கத்தான் செய்யும். சீட் கவர் தைத்துப் போட்டவர் அதற்கு வழி விட்டிருக்க மாட்டார். குஷனுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கையை முழங்கைவரை விட்டுத் துழாவினால் பழைய கடலைத்தோலோடு சேர்ந்து அகப்படும். பல வண்டிகளில் குஷனின் முன்விளிம்பைத் தூக்கினாலே லாக் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் அதிகாலை மூன்று மணிக்கு, விமான நிலையப் பார்க்கிங்கில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. ஆப் டாக்ஸியில் எந்த வண்டி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சீட்டையும் அவர்கள் கொண்டுவர மாட்டார்கள். அதனால் முதல் நாள் பயணத்துக்கு மட்டுமாவது டிராவல்ஸில் சொல்லி வையுங்கள். முந்தின நாளே டிரைவர் நம்பரை வாங்கி, "அண்ணே, பின்சீட்டுல ரெண்டு ஓரத்துலயும் பெல்ட் லாக் வெளிய இருக்கா? ஒரு போட்டோ எடுத்து வாட்ஸாப்புல அனுப்புறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அப்படியே டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இரண்டு பெரிய பெட்டி ஏறாது. அந்தப் பெட்டி பின்சீட்டுக்கு வந்தால் குழந்தையின் சீட்டுக்கு இடம் போய்விடும்.

சீட்டை அங்கிருந்தே கொண்டுவருவதா, இங்கே வாங்குவதா? கையில் இருப்பதைக் கொண்டுவருவதே மேல். பல விமான நிறுவனங்கள் கைக்குழந்தையின் கார் சீட்டைத் தனிக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் அடிப்பக்க பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இங்கே வாங்குவதானால் லவ்லாப், ஆர் ஃபார் ராபிட், சிக்கோ, ஜோயி போன்றவை ஆன்லைனில் கிடைக்கின்றன. 'கேரி காட், ராக்கர், கார் சீட், எல்லாம் ஒன்றில்' என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, பின்னால் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தரக் குறிப்பும் இருக்க வேண்டும். ஆர்44 சீட்டில் எடை 0–13 கிலோ என்றிருப்பதே பிறந்த குழந்தைக்கு உரியது. 9–18 கிலோ என்றிருந்தால் அது வளர்ந்த பிள்ளைக்கு. ஆர்129 எடைக்குப் பதில் உயரத்தைச் சொல்லும். 15 மாதம்வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்பதும் அதில் கட்டாயம். வாடகைக்கும் சீட் கிடைக்கிறது. ஸ்ட்ரோலரை வாடகைக்கு எடுக்கலாம், கார் சீட்டை வேண்டாம். அது எந்த விபத்தைப் பார்த்ததோ யாருக்குத் தெரியும்?

அமெரிக்க சீட் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் 'கிர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போய் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஊர் வண்டிகளில் பொதுவாக அந்த வசதி கிடையாது. பிரேக் அடித்தாலோ வெடுக்கென்று இழுத்தாலோதான் பெல்ட் பிடிக்கும். மற்ற நேரத்தில் தளர்ந்துகொண்டே வரும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் 'எச்' வடிவ இரும்பு கிளிப் வேண்டும். பல சீட்டுகளின் முதுகிலோ அடியிலோ அது செருகப்பட்டிருக்கும். பெல்ட்டை உரிய வழியில் விட்டு லாக்கில் மாட்டுங்கள். சீட்டைக் கையால் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்குங்கள். லாக்குக்குள் போகும் உலோக நாக்குக்குப் பக்கத்தில் பெல்ட்டின் இடுப்பு, தோள் இரண்டு பட்டையையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தபடி கழற்றி, நாக்கிலிருந்து ஓர் இஞ்சுக்குள் கிளிப்பைப் போட்டு மறுபடி மாட்டுங்கள். மாட்டும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சுலபமாக விழுந்தால் தளர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஓர் இஞ்சுக்கு மேல் அசையக் கூடாது.

ஐரோப்பிய சீட் பலவற்றில் தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வரும். இந்த கிளிப் அங்கே தேவைப்படாது, பெல்ட் நீளம்தான் தேவைப்படும். சில சின்ன வண்டிகளில் லாக்குக்கு நாலு விரற்கடை முன்னாலேயே பெல்ட் தீர்ந்துவிடும். அதற்குக் குறுக்குவழி கிடையாது, வேறு வண்டிதான். ஐசோஃபிக்ஸ் பேஸோடு (பெல்ட்டுக்குப் பதில் வண்டியில் உள்ள கம்பியில் மாட்டும் அடிப்பாகம்) மட்டும் நிற்கிற சீட்டை ஊருக்கு எடுத்துவர வேண்டாம். பெல்ட்டிலும் கட்டலாம் என்று கையேட்டில் இருந்தால் பேஸை வீட்டில் விட்டுவிட்டுக் குழந்தை உட்காரும் மேல்பாகத்தை மட்டும் கொண்டுவாருங்கள். சொந்தக்காரர் வண்டி புதியதானால் ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கலாம். சாய்மானத்தின் அடியில், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு கம்பிகள் விரலுக்குத் தட்டுப்படும்.

சீட்டை இடதுபக்க ஓரத்தில் கட்டுங்கள். கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும், முன்சீட்டையும் நகர்த்திக்கொள்ளலாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் முட்டினால் பிறந்த குழந்தைக்கு மூச்சு தடைபடும். கையேடு அனுமதித்தால் துண்டை உருட்டி அடியில் வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம். துணியில் பொட்டலமாகச் சுற்றி உட்கார வைத்தால் வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே குழந்தை நழுவும். மெல்லிய சட்டையோடு மாட்டி, தோள்வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்படக் கூடாது. வெள்ளி அரைஞாணில் குண்டு, சலங்கை கோத்திருந்தால் பயணத்துக்குக் கழற்றிவிடுங்கள். இடுப்பு வாருக்கு அடியில் அது அழுத்தும், காரணம் தெரியாமல் குழந்தை அழும். வெயிலில் நிறுத்தினால் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டு வையுங்கள். திரும்பி வந்து பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

"நம்ம புள்ளைய நான் மடியில வச்சுக்க மாட்டேனா?" என்று பாட்டி கேட்பார். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 5 கிலோ குழந்தை சுமார் 70 கிலோ பாரமாக முன்னால் இழுக்கும். எந்தக் கைக்கும் அது அடங்காது. கணக்கு எடுபடாவிட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

சென்னையிலிருந்து திருச்சி 330 கி.மீ. ஒரே மூச்சில் போகிற வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து குழந்தையைச் சீட்டில் வைக்கக் கூடாது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு அரை மணிதான் கணக்கு. முடிந்தால் அந்த வயதில் நெடுந்தூரமே வேண்டாம். எங்கெங்கே நிற்கும் என்று கிளம்பும்போதே டிரைவரிடம் பேசி, வெயிட்டிங்கும் பேட்டாவும் அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள். திரும்பும்போது வேறு வண்டி வரும். போட்டோ கேட்பதிலிருந்து எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான். அந்த இரும்பு கிளிப்பைக் கழற்றியதும் சீட்டில் அதற்குரிய இடத்திலேயே செருகிவிடுங்கள்; டாக்ஸியின் பின்சீட்டில் விட்டுவிட்டால் ஊரில் எந்தக் கடையிலும் அது கிடைப்பது அரிது.