தொண்டைமானாற்றில் மூன்று கிழமை

சின்னம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது இரவு ஒன்றரை மணி இருக்கும். நான் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பழக்கமான ஓட்டோத் தம்பிக்கு போன் எடுத்தேன், மணி போனதே தவிர எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடிப் படலையைத் தட்டினேன். அது பூட்டிக் கிடக்கும் வீடு என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததும் பூட்டிய வீடுதான். மூன்றாவது வளவில் விளக்கு எரிந்தது. வெளியே வந்த அம்மா, "ஏன் பிள்ளை இருட்டுக்குள்ள ஓடித் திரியிறாய், 1990க்கு அடி" என்றார்.

அடித்தேன். தமிழில் கதைத்தார்கள். கோயிலடியா, பாலத்தடியா, எந்த ஒழுங்கை என்று கேட்டபடியே வண்டியை அனுப்பிவிட்டார்கள். வந்த பெடியன் சின்னம்மாவின் கையைப் பிடித்து, "பயப்படாதேங்கோ அம்மம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒக்சிசன் பூட்டினான். வைத்தியசாலையில் இறக்கிவிட்டுக் கையெழுத்து ஒன்று வாங்கினான், அவ்வளவுதான். நான் பேர்ஸைத் திறந்துகொண்டு நிற்கிறேன், அவன் திரும்பிப் போய்விட்டான். சுவசெரிய என்ற அந்த இலவச அம்புலன்ஸ் சேவை இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் தெற்கில் தொடங்கி, 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஒன்ராறியோவில் அம்புலன்சில் ஏறினால் பெரும்பாலும் 45 டொலர் பில் வீட்டுக்கு வரும். ஊரில் ஒன்றும் இல்லை என்று அங்கே இருந்து சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை முதலில் எழுதுகிறேன். விடிய சின்னம்மா எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்டார்.

அந்த இரண்டு பூட்டிய வீடுகள்தான் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் எங்கள் ஒழுங்கையில் நடந்து எண்ணிப் பார்த்தேன். 14 வளவுகளில் 5இல்தான் ஆட்கள். மற்றவற்றில் சிலதுக்கு நல்ல பெயின்ற், புது கேற், உள்ளே கமரா. சிலதில் கூரை இறங்கி, பற்றை வளர்ந்து, கிணற்றடியில் கால் வைக்க முடியாது. டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் பூட்டிய படலையில் துண்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் துண்டை வாசிக்க வேண்டியவர் பாரிஸிலோ லண்டனிலோ இருக்கிறார். அப்படித் துண்டு ஒட்டியிருந்த வீடுகளில் ஒன்று என் அப்பாவுடையது.

தொண்டைமானாறு என்றால் வெளியூர்ச் சனம் ஆறு ஒன்றை எதிர்பார்த்து வரும். மலையில் பிறந்து ஓடிவரும் ஆறு இல்லை இது. வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரித்துக்கொண்டு கடலில் வாய் திறக்கும் நீரேரி. குலோத்துங்க சோழனின் படைத்தலைவரான கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்து உப்பை ஏற்றிப்போக இதை வெட்டி ஆழமாக்கினார், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். அப்பா அந்தக் கதையை ஏதோ நேற்று நடந்தது போலச் சொல்வார், வாய்க்கால் வெட்டியவர்களுக்குக் கூழ் ஊற்றிய இடம் எது என்று கையால் காட்டுவது வரைக்கும்.

இந்தக் கரையின் செழிப்பு கடலால் வந்தது. இரண்டு மூன்று மைல் கிழக்கே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிப்போன எங்கள் கரையார் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். தூரதேசம் போவது இங்கே புதிது இல்லை. போனவர்கள் வராமல் விட்டதுதான் எங்கள் காலத்தில் நடந்தது.

பாலத்தடியில் தடுப்பணைக் கதவுகளுக்குப் பக்கத்தில் பின்னேரங்களில் நின்றேன். மாரியில் கதவைத் திறந்து மழைவெள்ளத்தையும் அதோடு உப்பையும் கடலுக்கு விட வேண்டும், கோடையில் மூடிக் கடல்நீர் உள்ளே ஏறாமல் மறிக்க வேண்டும். உள்ளே நன்னீர் நிற்க நிற்க இரண்டு கரைக் கிணறுகளிலும் உவர் குறையும். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் இந்த அணைக்கு முக்கியமான இடம் உண்டு. ஆனையிறவு நீரேரியில் சேரும் வன்னி வெள்ளத்தை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் மறித்து வைப்பது அவருடைய எண்ணம். துண்டு துண்டாகச் சில வேலைகள் நடந்தன, முழுத் திட்டம் இன்றைக்கும் முடியவில்லை. இப்போது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்து குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. வந்தது பெரிய ஆறுதல். ஆனால் வானம் சும்மா தரும் தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, கடலுக்குள் இருந்து காசு செலவழித்து எடுப்பதை நினைக்க வயிறு எரிகிறது.

சரி, சனம் எங்கே போனது? 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் நாங்கள் கோயிலுக்குள் ஒதுங்கி இருந்தோம். அப்போது எனக்கு 15 வயது. அடுத்த வருடம் அப்பா என்னைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து வெளியே அனுப்பினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வளலாய்க் காணிகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய், ஒரு பகுதி 2015இல்தான் விடுபட்டது. இருபத்தைந்து வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் வேறு ஊரில் வேர் பிடித்துவிட்டார்கள். காணி திரும்பியது, பிள்ளைகள் திரும்பவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 2012இல் எண்ணியபோது 5 லட்சத்து 83 ஆயிரம் பேர். இது வெறும் எண் இல்லை. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 தேர்தலில் 9 பாராளுமன்ற உறுப்பினர்கள், 2015இல் 7, 2024இல் 6. ஆள் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆசிரியர் குறைவார், பஸ் குறையும், கேட்பதற்கு ஒரு குரலும் குறையும்.

பஸ்ஸில் இதைக் கண்ணால் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி ஊடாக வரும் பாதையில் பகலில் ஓட்டம் பரவாயில்லை. பொழுது பட்ட பிறகு பாலத்தடியில் நின்றால் கால் கடுக்கும். கொண்டக்டரிடம் கேட்டேன். "அக்கா, ஏழு மணிக்குப் பிறகு ஏற ஆள் இல்லை, டீசல் காசும் வராது" என்றார். நகரத்தில் ரியூசன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் எனக்குப் பக்கத்தில் புத்தகப் பையோடு காத்து நின்றார்கள். உயர்தரப் பரீட்சைக்கு வெளிக்கள நிலையம் போடும் மாதிரி வினாத்தாள்கள் செய்கிறோம் என்றார்கள். வடக்கில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் அந்த வினாத்தாளின் தலைப்பில் இருக்கும் 'தொண்டைமானாறு' தெரியும். எங்கள் ஊரின் பெயரை அப்படித் தாங்கி நிற்கும் நிலையத்தின் ஊரில், படிக்கும் பிள்ளைக்கு இரவு பஸ் இல்லை.

காகித வேலைக்கு வருவோம். அப்பாவின் பெயரில் உள்ள வளவை எங்கள் பெயருக்கு மாற்ற, அவருடைய பழைய பிறப்புப் பதிவின் பிரதி தேவைப்பட்டது. என்னுடையது அரை மணித்தியாலத்தில் கையில் கிடைத்தது, கணினியில் இருந்து எடுத்துத் தந்துவிட்டார்கள். அப்பாவுடையது பழைய கொப்பியில் கையால் தேட வேண்டியது. ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்தேன். முதல் நாள் தேடுபவர் லீவு, இரண்டாம் நாள் படிவம் மாறிப்போயிற்று என்று திருப்பிவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பதில் கடிதம் முழுக்கச் சிங்களத்தில். வாசிப்பித்துக் கேட்க ஒருவரைத் தேடிப் பிடித்தேன். இது எனக்குச் சினம் தந்தது, மறைக்கவில்லை. நான் மூன்று கிழமை லீவில் வந்தவள், போய்விடுவேன். ஊரில் இருக்கும் ஒரு வயோதிபத் தாய் ஒவ்வொரு காகிதத்துக்கும் இப்படி அலைய வேண்டுமா? மூன்றாம் நாள் ஒரு தங்கச்சி, பெயரைக்கூடச் சொல்லவில்லை, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தூசிக்குள் இருந்து பதிவை எடுத்துத் தந்தார். நன்றி என்றேன். "உங்கட அப்பான்ர எழுத்து வடிவா இருக்கு, இந்தப் பக்கத்தில சாட்சியா எல்லாம் கையெழுத்து வச்சிருக்கிறார்" என்றார். பார்த்தேன், அது அப்பாவின் அப்பா, என் பேரனாரின் கையெழுத்து.

அங்கிருந்து நேரே எங்கள் ஊர் முருகன் கோயிலான செல்வச்சந்நிதிக்குப் போனேன். வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்யும் கப்பூகர்கள், மீனவர் குலத்து மருதர் கதிர்காமரின் வழிவந்தவர்கள், ஆலமிலையில் அமுது படைத்துக்கொண்டிருந்தார்கள். மடத்தில் சோறும் சாம்பாரும். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கிளிநொச்சி, மட்டக்களப்பு, சுவிஸ். அன்னதானக் கந்தன் என்ற பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. கோயிலடியில் சனம் நிறைந்து நிற்கிறது, பின்னேரம் எல்லாரும் போனதும் ஒழுங்கைகள் பழையபடி.

அன்று இரவு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன், வளவைப் பற்றி. விற்கலாம், நல்ல விலை வரும் என்பது அவன் நினைப்பு. வாங்குகிறவரும் வெளிநாட்டுக்காரராய் இருந்தால் இன்னொரு பூட்டுத்தான் விழும் என்றேன். நீண்ட நேரம் கதைத்தோம், ஒருக்கா சண்டையும் பிடித்தோம். கடைசியில் சரி என்றான்.

நீரேரியில் களங்கண்டி என்ற பட்டிவலை கட்டி இறால் பிடிக்கும் ஒரு தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாடகைத் தகரக் கொட்டிலில் இருந்தார். கிணற்றை இறைத்து, கூரையைத் திருத்தி, பற்றையை வெட்டி வீட்டை அவர்களிடம் கொடுத்தோம். வாடகை வேண்டாம், சின்னம்மாவை இரவில் ஒருக்கா எட்டிப் பார்த்தால் போதும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று நொத்தாரிசு சொன்னபடி உடன்படிக்கையும் எழுதினோம்.

பலாலியில் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் காலை விதானையார், அதுதான் கிராம சேவையாளர், சைக்கிளில் வந்தார். அப்பாவின் வீட்டுத் திண்ணையில் இருந்து, குடும்ப விபரத்தில் நான்கு பெயரை எழுதிக்கொண்டார். சின்னவளின் பெயருக்கு எந்த 'ல' போட வேண்டும் என்று தாயிடம் இரண்டு தரம் கேட்டார்.