வட்ட அரமா, சதுர அரமா, பந்தயச் செயினா?

ஸ்டில் டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம் அறுக்கும் போட்டிகளில் செயின்சாவுக்கு (எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பம்) இரண்டு பிரிவுகள் உண்டு. ‘ஸ்டாக் சா’வில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரம்பம், 40 செ.மீ. கட்டையில் மேலிருந்து கீழாக ஒன்று, கீழிருந்து மேலாக ஒன்று என இரண்டு வில்லைகள் அறுக்க வேண்டும். ‘ஹாட் சா’வில் சொந்தமாகக் கட்டிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின், மூன்று வில்லைகள். செயினில் கைவைக்கிற வேலையெல்லாம் இந்த இரண்டாவது பிரிவில்தான். தேர்ந்தவர்கள் சில விநாடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஆக, அந்தச் செயின் கூராக இருக்க வேண்டியதே அவ்வளவு நேரம்தான்.

அந்தக் கூருக்கு மூன்று வழிகள். முதலில் வட்ட அரம். 3/8 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம் போதும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ள வேண்டும். அரம் உருண்டை என்பதால் பல்லின் மேல்தகட்டின் அடியில் குழிவான வளைவு விழும். கொஞ்சம் மேலே கீழே போனாலும் பல் அறுக்கும். காட்டில் கல், மண் பட்ட மரத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு வேறு யோசனையே வேண்டாம்.

சதுர அரம் கதையே வேறு. பல்லில் உண்மையில் வேலை செய்வது மேல்தகடும் பக்கத் தகடும் சேரும் மூலைதான்: பக்கத் தகடு நாரை வெட்டுகிறது, மேல்தகடு உளி போல அதைப் பெயர்த்தெடுக்கிறது. சதுர முறையில் இரண்டுக்கும் வளைவில்லாத நேர்ச்சரிவு கிடைப்பதால், சுத்தமான மென்மரத்தில் நார் தடங்கலில்லாமல் கழன்று வருகிறது. வேகம் கூடுவது காதுக்கே தெரியும்; எஞ்சின் சத்தம் இறங்காது. ஆனால் அரத்தின் விளிம்பு அந்த மூலையில் அச்சாகப் பொருந்தி உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தப்பினால் மூலை மழுங்கி, வட்ட அரம் போட்டதைவிட மோசமாகிவிடும். பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறார்கள். வட்ட அரத்துக்குப் பழகிய கைக்கு முதலில் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். அரத்தின் விலையும் அதிகம், சீக்கிரம் தேயவும் செய்யும். மணல் பட்டால் கூர் உடனே போய்விடும். பந்தயக் கட்டையில் மணல் இல்லை, அதனால் அங்கே அது குறையே இல்லை.

மூன்றாவது, முழுப் பந்தயச் செயின். இங்கே கூர் தீட்டுவது பாதி வேலைதான். பல் பின்னோக்கிச் சரிந்தும் ஒடுங்கியும் இருப்பதால், வேண்டுமென்றே தேய்த்துக் குட்டையாக்கினால் வெட்டுத்தடம் குறுகும். எடுக்க வேண்டிய மரமும் குறையும். பல்லுக்கு முன்னால் சிராய் தங்கும் பள்ளத்தை அகலமாக்குவார்கள். இணைப்புத் தகடுகளையும் சுரண்டி எடை குறைப்பார்கள். எல்லாப் பற்களும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒருபக்கமாக இழுக்கும். இதன் விலை ஆபத்து: இரும்பு மெலிந்த செயின் அறுந்தால் துண்டுகள் தோட்டா போலத் தெறிக்கும். கிக்பேக்கைத் தணிக்கிற தகடுகளை எடுத்துவிட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறவும் கூடும். இதை மாட்டிக்கொண்டு விறகு அறுக்கப் போகிறவரை நான் நெருங்கக்கூட மாட்டேன்.

இந்த மூன்றிலும் பலர் சறுக்குவது ரேக்கரில், அதாவது பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிக்கும் முன்மேட்டில். கம்பெனி சொல்வது பொதுவாகப் பல்லின் கூரைவிட 0.65 மி.மீ. இறக்கம். ‘இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் கொஞ்சம் கடிக்கும்’ என்று அரத்தை எடுப்பார்கள். கடிக்கும்தான், எஞ்சினுக்குச் சக்தி இருந்தால். இல்லையென்றால் செயின் வேகம் படுத்துவிடும். அதிகம் கடித்து மெதுவாக ஓடுகிற செயின், அளவாகக் கடித்து வேகமாக ஓடுகிற செயினிடம் தோற்கும். ஹாட் சா எஞ்சினுக்குப் பொருந்துகிற இறக்கம் கடை ரம்பத்துக்குப் பொருந்தாது.

என் தேர்வைக் கேட்டால், உள்ளூர்ப் போட்டிக்குக் கடை ரம்பத்தோடு போகிறவருக்குச் சதுர அரம் போட்ட புதுச் செயின், ரேக்கர் கம்பெனி அளவிலேயே. சதுர அரம் கைக்குப் பிடிபடும் வரை, சீராகத் தீட்டிய வட்டச் செயினே மேல். பல்லைத் தேய்க்கிற வேலை, எஞ்சினையும் தானே கட்டுகிறவருக்கு.