கைபேசித் திரை தொலைக்காட்சியில்: மிரரிங்கா, காஸ்டா?

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கைபேசித் திரையை அப்படியே காட்டும் ஸ்கிரீன் மிரரிங் வசதி வாங்கும்போதே இருந்தது. இரண்டு ஆண்டுகள் அதிலேயே ஒப்பேற்றினோம். சென்ற ஆடியில் கூகுள் காஸ்ட் (கைபேசி சொல்லும் காணொளியைக் கருவியே இணையத்திலிருந்து எடுத்துக் காட்டும் வசதி) ஏற்கும் சிறு கருவியொன்றை வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் செருகியபின் மிரரிங்கைத் தேடிப்போகும் நாட்கள் அரிதாகிவிட்டன. ஆகவே நான் நடுநிலையில் நின்று எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுமே புதியவை அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றின் மிரரிங்கிற்கு அடிப்படையான மிராகாஸ்ட் 2012-இல் வந்தது. சாம்சங் அதை ஸ்மார்ட் வியூ என்கிறது, மற்ற நிறுவனங்கள் வேறு பெயர்களில் தருகின்றன. காஸ்ட் ஏற்கும் கூகுளின் கருவியான குரோம்காஸ்ட் 2013-இல் வந்தது. அப்பெயரிலான கருவிகளின் தயாரிப்பை 2024-இல் கூகுள் நிறுத்தியிருந்தாலும், காஸ்ட் வசதி கூகுள் டிவி கருவிகளிலும் பல தொலைக்காட்சிகளிலும் தொடர்கிறது. செலவைப் பார்த்தால் மிரரிங்கிற்கே வெற்றி. தொலைக்காட்சியில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தால் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது காணொளி பயணப்படும் வழிதான். மிரரிங்கில் கைபேசியே காணொளியை இணையத்திலிருந்து இறக்கி, தன் திரையில் விரித்து, அந்தத் திரையை நொடிக்கு நொடி மறுபடியும் சுருக்கி, ரௌட்டர் இல்லாமல் நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்ட் வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. ஒரு வேலைக்கு இரண்டு வேலை என்பதால் கைபேசி சூடாகிறது, சார்ஜ் கரைகிறது. இணையத்தை இழுப்பதும் படத்தை அனுப்புவதும் ஒரே வைஃபையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது படம் திக்கித் திக்கி நகர்கிறது. காஸ்டில் கைபேசி செய்வது, எந்தக் காணொளி வேண்டும் என்று கருவிக்குச் சொல்வது மட்டுமே. அதன்பின் கருவி தானே இணையத்திலிருந்து காணொளியை எடுத்துக்கொள்ளும். கைபேசியை அணைத்து வைத்தாலும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாலும் படம் நிற்பதில்லை.

இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியது, வீட்டில் பெரியது. அம்மா மாலையில் ஒரு மணிநேரம் யூடியூபில் சொற்பொழிவு கேட்பார்கள். மிரரிங் காலத்தில் அந்த ஒரு மணிநேரமும் என் கைபேசி அவர்களுக்குச் சொந்தம். அழைப்பு வந்தால் சொற்பொழிவு நின்றுவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், திரையில் தோன்றுவது எல்லாமே தொலைக்காட்சியிலும் தோன்றுவது. ஒருமுறை சம்பந்தி வீட்டார் வந்திருந்து கல்யாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘இந்த மாதச் சீட்டுப் பணம் இன்னும் வரவில்லை’ என்ற வாட்ஸ்அப் செய்தி நாற்பத்து மூன்று அங்குலத் திரையின் உச்சியில் வந்து நின்றது. அறிவிப்புகளை முன்கூட்டியே நிறுத்திவைத்திருக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது யாருக்கு நினைவிருக்கிறது? சில ஓடிடி செயலிகள் மிரரிங்கில் காட்சிக்குப் பதில் கறுப்புத் திரையைக் காட்டுவதும் உண்டு. அது பழுதல்ல, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு.

காஸ்டின் குறையையும் மறைக்கக் கூடாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் ஃபைபர் கம்பியோ ரப்பர் மரங்களுக்கு இடையே தொங்கி வருகிறது. காற்றோடு மழை பெய்து ஒரு கிளை முறிந்தால் போதும், இன்வெர்ட்டர் புண்ணியத்தில் தொலைக்காட்சி எரியும், இணையம் இருக்காது. அந்த நாட்களில் காஸ்ட் பொத்தானை அழுத்திப் பயனில்லை. மிராகாஸ்டிற்கோ ரௌட்டரே தேவையில்லை. கைபேசியில் சேமித்து வைத்த படம் தடையின்றி ஓடும். வாட்ஸ்அப்பில் காஸ்ட் பொத்தான் கிடையாது என்பதால், வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் காணொளியை அப்படியே பெரிய திரையில் காட்டவும் மிரரிங்தான் வேண்டும். பிராட்பேண்ட் இணைப்பே இல்லாமல் மொபைல் டேட்டாவில் ஓட்டும் வீட்டுக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐபோன் வைத்திருப்போருக்குக் கணக்கு வேறு. அதில் மிராகாஸ்ட் இல்லை. ஆப்பிளின் சொந்த வசதியான ஏர்ப்ளே ஏற்கும் தொலைக்காட்சியோ கருவியோ வேண்டும். விடுமுறைக்கு வந்த மச்சானின் ஐபோனில், அவருடைய வீட்டுத் தொலைக்காட்சியில், இரண்டு மாலை மட்டுமே ஏர்ப்ளே பார்த்தேன். படம் தெளிவாக, திக்காமல் வந்தது. அதை வைத்து நீண்டகாலத் தீர்ப்பு சொல்வது முறையாகாது. யூ.எஸ்.பி. சி. துளையிலிருந்து கேபிள் போட்டுப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் விலை குறைந்த கைபேசிகள் பலவற்றின் துளையில் படம் வெளியே வராது என்பதைக் கேபிள் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. கருவிக்கு மின்சாரம் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தபோது எங்களுக்கு அது அடிக்கடி அணைந்து அணைந்து வந்தது. உடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கியதும் ரௌட்டரோடு சேர்த்துப் பிடுங்கி வைக்க வேண்டிய பிளக்குகளில் இன்னும் ஒன்று கூடிவிட்டது.