டர்பனில் ஒரே ஒரு நாள்: காட்டுக்கா, மாரிட்ஸ்பர்க்குக்கா?

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைத்ததுமே கேட்பது, "சிங்கம் எங்கே பார்க்கலாம்?" என்றுதான். கல்யாணத்துக்கோ காவடிக்கோ வருபவர்களுக்கு எல்லாம் முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தால் பெரிது. அந்த ஒரு நாளில் வடக்கே என்-2 சாலையைப் பிடித்து ஹ்லுஹ்லுவே காட்டுக்குப் போவதா, மேற்கே என்-3இல் மலையேறி பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக் என்று போவதா? எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். இரண்டு பக்கமும் பலமுறை ஆட்களைக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு நாள்தான் என்றால் மாரிட்ஸ்பர்க்.

கடற்கரையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனி நாள் தேவையில்லை. விடிகாலையில் ஒரு மணி நேரம் நடைபாதையில் நடந்து, சுறா வலை போட்ட பகுதியில், குளிக்கும் இடத்தைக் காட்ட நட்ட கொடிகளுக்கு நடுவே குளித்துவிட்டு வந்துவிடலாம். ஜூலைக் குளிரிலும் இங்கே கடல் தண்ணீர் இதமாகவே இருக்கும்.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி அருமையான காடு. அதில் சந்தேகமே இல்லை. ஒரு காலத்தில் ஜூலு அரசர்கள் வேட்டையாடிய பகுதி, 1895இல் காப்புக்காடானது. சுமார் 960 சதுர கிலோமீட்டர். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அநேகமாக அழிந்தே போன சமயத்தில், மிச்சமிருந்த சிறு கூட்டம் இங்கேதான் பிழைத்துக் கிடந்தது. 1960களில் இங்கிருந்து பிடித்து மற்ற காடுகளுக்கு அனுப்பித்தான் அந்த இனத்தைப் பெருக்கினார்கள். அதன் பிறந்த வீட்டிலேயே அதைப் பார்ப்பது பெரிய விஷயம்.

ஆனால் தூரம் ஒரு வழிக்கே ஏறக்குறைய 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். டர்பனிலிருந்து போகிறவர் உள்ளே நுழையும்போது வெயில் ஏறிவிடும். அந்தி சாயும் முன் கிளம்பியும் ஆக வேண்டும். மாமாவை அப்படித்தான் ஒரு டிசம்பரில் கூட்டிப்போனேன். விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, தூரத்தில் இரண்டு காண்டாமிருகம். அதற்குள் திரும்பும் நேரம் வந்துவிட்டது. இருட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி வீடு சேர்ந்தபோது மாமாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. அடுத்த நாள் அவருக்கு விமானம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு நாள் இருந்தால் உள்ளேயே ஒரு இரவு தங்குங்கள். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் இன்னும் நல்லது.

வடக்கேதான் போக வேண்டும், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் செயின்ட் லூசியா கழிமுகம். நீர்யானைகள் பகல் முழுக்கத் தண்ணீரில்தான் கிடக்கும். அதனால் மத்தியானம் படகேறினாலும் ஏமாற்றம் இருக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, மாரிட்ஸ்பர்க். 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட ரயில் நிலையம் இங்கே. சிவப்புச் செங்கல் கட்டடம், நடைமேடையில் ஒரு நினைவுப் பலகை. பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் முடிந்தால் ஜூனில் போய், சாயங்காலம் அந்த நடைமேடையில் கொஞ்சம் நில்லுங்கள். டர்பனின் இதம் அங்கே கிடையாது. குளிர் எலும்பில் ஏறும்போது அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அப்புறம், பலரும் தவறவிடுகிற இடம் ஊருக்குள் இருக்கும் பழைய சிறை. காந்தி இங்கே நடத்திய 1913 சத்தியாக்கிரகத்தில் தில்லையாடி வள்ளியம்மை அடைபட்டது மாரிட்ஸ்பர்க் சிறையில்தான். காய்ச்சலோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தாள். வயது பதினாறு. பள்ளிப் பாடத்தில் படித்த பெயர்தான். ஆனாலும் அந்தச் சுவரின் எதிரே நின்றபோது மயிலாடுதுறைக்கார அத்தை, "நம்ம பக்கத்துப் பொண்ணுடா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சிங்கம் பார்த்துவிட்டு வந்த யாரும் அப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளே போக வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஹோவிக் சுமார் 25 கிலோமீட்டர். அருவி 95 மீட்டர் உயரம். ஊரின் ஓரத்திலேயே பார்வை மேடை இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் பார்க்கலாம். கோடை மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் நிறைய விழும். பக்கத்திலேயே 1962 ஆகஸ்ட் 5இல் மண்டேலா பிடிபட்ட இடம். ஓட்டுநர் வேடத்தில் வந்தவரை அந்தச் சாலையில்தான் மறித்தார்கள். ஐம்பது இரும்புத் தூண்கள் அங்கே நிற்கின்றன. கிட்டே போனால் வெறும் தூண்கள். 35 மீட்டர் தள்ளி நின்றால் அவர் முகம். சாயங்காலம் டர்பன் திரும்பி ஒரு பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிட நேரம் இருக்கும்.

சானி கணவாயை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. உச்சி 2,800 மீட்டருக்கு மேல், நாலு சக்கரத்துக்கும் விசை போகும் (4x4) வண்டி வேண்டும், மேலே லெசோதோ நாட்டின் எல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா விவகாரத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஒரு முழு நாள்கூட இல்லை, மத்தியானம் விமானம் என்றால் டர்பனை ஒட்டிய இனாண்டாவிலுள்ள ஃபீனிக்ஸ் குடியிருப்பு. காந்தி 1904இல் தொடங்கியது. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தொடங்கிய காலத்தில் அதில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. அதன் அச்சகம் இங்கேதான் இயங்கியது. 1985 கலவரத்தில் எரிந்ததைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு காலையிலேயே போங்கள். பெட்டிகளைக் காரில் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்.